கொல்லர் வீட்டுப் பிள்ளை சொய்சிரோ ஹோண்டா



ஹோண்டா என்று சொன்னால் நமக்கு வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த மனிதர் ஒரு கிராமத்துக் கொல்லரின் மகன் என்பதும், ஒரு தொழிற்கல்விக் கூடத்தில் மாணவராகப் போய் உட்கார்ந்து, கடைசியில் சான்றிதழ் வாங்காமலே வெளியே வந்தவர் என்பதும் அதைவிடத் தெரியாது.

இந்தக் கடைசி விஷயம் மட்டும் எப்படியோ நம்ம காதுக்கு வந்துவிடுகிறது. ஹோண்டாவே டிப்ளமோ வாங்கலை, நமக்கு மட்டும் எதுக்கு என்று ஒர்க்‌ஷாப் வாசலில் பேசிக்கொள்கிறோம். எங்க செக்‌ஷனில் இரண்டு பேர் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. அவர்கள் வீட்டுக் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் ஹோண்டாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதாக இருந்தால், அவர் கதையை முழுசாகத் தெரிந்துகொண்டு கூப்பிடணும் இல்லையா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

எண்ணெய் வாசனை

ஜப்பான் நாட்டில் ஷிசுவோகா மாநிலம், ஹமமட்சு நகரத்துக்கு அருகே கோம்யோ என்ற கிராமம். அங்கே 1906-ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று சொய்சிரோ ஹோண்டா பிறந்தார். அப்பா கிஹெய் கொல்லர். சைக்கிள் ரிப்பேரும் பார்ப்பார். அம்மா மிகா நெசவு நெய்பவர். பையன் பிறந்ததிலிருந்து பார்த்தது உலையும் சுத்தியலும்தான்.

அந்தக் கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வந்தபோது சொய்சிரோ சின்னப் பையன். காரின் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் தரையில் சொட்டியிருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையை அவர் வயதான பிறகும் மறக்கவில்லை.

1917-இல் ஹமமட்சுவில் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி சாகசம் செய்து காட்ட வந்தார். பத்து வயதுப் பையன் அப்பாவின் சைக்கிளை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினான். பெரிய சைக்கிள், சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. போய்ச் சேர்ந்தால் நுழைவுக் கட்டணத்துக்குக் காசு போதவில்லை. பக்கத்தில் இருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினான்.

குழந்தையைத் தூக்கிச் சுமந்த மெக்கானிக்

1922-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்ற கார் பட்டறையில் சேர்ந்தார். வயது 15. ஸ்பானர் பிடிக்கலாம் என்று போனவருக்கு முதலாளியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் கிடைத்தது. மாதக்கணக்கில் முதுகில் குழந்தை, கையில் துடைப்பம். ஊருக்கே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் போகவில்லை. ஒருநாள் வேலை அதிகமாகி ஆள் போதாமல் போனபோது அவரையும் காருக்கு அடியில் படுக்கச் சொன்னார்கள். அன்று தொடங்கியது.

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பட்டறையும் எரிந்துபோனது. மற்றவர்கள் பலரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஹோண்டா தங்கினார். தீயில் கருகிய கார்களைப் பிரித்து, ரிப்பேர் செய்து ஓட வைத்தார்கள். அந்தக் காலத்தில் அவர் கற்றதை எந்த வகுப்பறையும் கற்றுத் தந்திருக்காது. அதே பட்டறையில் பழைய கர்ட்டிஸ் விமான இன்ஜினை வைத்து ஒரு ரேஸ் கார் கட்டினார்கள். 1924 நவம்பரில் நடந்த போட்டியில் அந்தக் கார் முதலிடம் பெற்றது. ஓட்டியவர் முதலாளியின் தம்பி. பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்து போனவர் ஹோண்டா.

1928-இல், 21 வயதில், அதே பட்டறையின் கிளையை ஹமமட்சுவில் தொடங்க அனுமதி கிடைத்தது. அப்போது கார் சக்கரங்களுக்கு மரத்தால் ஆன ஆரக்கால்கள்தான். அதை வார்ப்பிரும்பில் செய்து காப்புரிமை வாங்கினார். நல்ல வருமானம் வந்தது. ரேஸ் பைத்தியம் மட்டும் தீரவில்லை. 1936 ஜூன் மாதம் தமகாவா ரேஸ் தடத்தில் அவர் ஓட்டிய கார் இன்னொரு காரில் மோதிக் கவிழ்ந்தது. அவருக்கும் கூட இருந்த தம்பி பென்ஜிரோவுக்கும் பலத்த காயம்.

சான்றிதழ் வாங்காத மாணவர்

இப்போதுதான் நமக்கு முக்கியமான இடம் வருகிறது. கவனமாகப் படியுங்கள்.

ரிப்பேர் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே அவருக்குத் தயாரிப்பாளர் ஆக ஆசை வந்தது. பிஸ்டன் ரிங் செய்யலாம் என்று இறங்கினார். பார்க்க ஒரு சின்ன வளையம், அவ்வளவுதானே? ஆனால் அந்த வளையம் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கணும், தேயக் கூடாது, உடையக் கூடாது, சூட்டில் ஸ்பிரிங் தன்மை போகக் கூடாது. ராப்பகலாக வார்த்துப் பார்த்தார். எல்லாமே உடைந்தன. பட்டறையில் அவரைப் போல் கை வேலை தெரிந்தவர் கிடையாது. அந்தக் கைக்கே ஏன் உடைகிறது என்று தெரியவில்லை.

கடைசியில் ஹமமட்சு தொழிற்கல்விக் கூடத்துக்குப் போய் ஓர் ஆசிரியரிடம் வளையத்தைக் காட்டினார். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இதில் சிலிக்கான் போதவில்லை என்று சொன்னார்கள். சிலிக்கான் என்ற ஒன்று வார்ப்பிரும்பில் இருக்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது!

வேறு ஒருவராக இருந்தால் வெட்கப்பட்டுப் போயிருப்பார். ஹோண்டா என்ன செய்தார் தெரியுமா? முப்பது வயதில், சொந்தமாகத் தொழில் நடத்திக்கொண்டு, அதே கல்விக் கூடத்தில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். தம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைந்த பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான பாடங்களை மட்டும் கேட்டார். தேர்வு எழுதவில்லை. அதனால் சான்றிதழ் கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகும் கஷ்டம் தீரவில்லை. டொயோட்டா நிறுவனத்துக்குச் சோதனைக்குக் கொடுத்த 50 ரிங்குகளில் 3 மட்டுமே தேறின. மறுபடி பல்கலைக்கழகங்களையும் எஃகு ஆலைகளையும் தேடி அலைந்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம். அதன் பிறகுதான் டொயோட்டாவுக்கும் நகாஜிமா விமான நிறுவனத்துக்கும் அவருடைய டோக்காய் செய்கி கம்பெனி ரிங் கொடுக்க ஆரம்பித்தது.

நண்பர்களே, இந்தக் கதையை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. சான்றிதழ் வாங்கலை என்பது ஒரு பக்கம். தொழில் தெரிந்த முதலாளி, தெரியாததைத் தெரிந்துகொள்ள மாணவனாகப் போனார் என்பது மறுபக்கம். முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் பாடத்தை விட்டுவிட்டால், அவர் தேடிப்போன அந்தச் சிலிக்கானையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எங்க அப்பாவுக்கு மெட்டலர்ஜி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் சான்றிதழ் என்றால் தெரியும். ஹோண்டாவிடம் காட்டுவதற்குப் பத்து வருஷ வேலையும் ஒரு பட்டறையும் இருந்தது. நம்மிடம் இப்போதைக்கு அந்த ஒரு தாள்தான் இருக்கப்போகிறது. அதனால் நமக்கு அறிவும் வேணும், தாளும் வேணும்!

சாம்பலிலிருந்து சைக்கிள்

இரண்டாம் உலகப் போரில் அவருடைய ஒரு தொழிற்சாலை குண்டுவீச்சில் போனது. இன்னொன்று 1945 ஜனவரி 13 அன்று நடந்த மிகாவா நிலநடுக்கத்தில் இடிந்தது. போர் முடிந்ததும் மிச்சத்தை டொயோட்டா குழுமத்துக்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஒரு வருஷம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருந்தார்.

1946 அக்டோபரில் ஹமமட்சுவில் ஒரு சின்னக் கொட்டகையில் மறுபடி தொடங்கினார். ராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திய குட்டி இன்ஜின்கள் வீணாகக் கிடந்தன. ஏறக்குறைய 500 இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரி வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? வீட்டில் வெந்நீர் ஊற்றி வைக்கும் குடுவை! ஓட்டிப் பார்த்தவர் அவருடைய மனைவி சாச்சி. பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம். அதனால் பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். இன்ஜின்கள் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்தார். 1948 செப்டம்பர் 24 அன்று 10 லட்சம் யென் மூலதனத்தில் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது.

அடுத்த ஆண்டு தக்கேயோ ஃபுஜிசாவா என்பவர் சேர்ந்தார். ஹோண்டா இன்ஜினைப் பார்ப்பார், ஃபுஜிசாவா பணத்தையும் விற்பனையையும் பார்ப்பார். கம்பெனி முத்திரை ஃபுஜிசாவா கையில்தான். ஹோண்டா அதைத் தொட்டதுகூட இல்லை என்பார்கள். இருவரும் தங்கள் பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்து, கடைசி வரை காப்பாற்றினார்கள்.

இன்ஜினுக்கு மூச்சு

ஹோண்டாவின் வாழ்க்கையை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் வால்வு என்று சொல்வேன். ஏன் என்று பாருங்கள்.

மற்ற கம்பெனிகள் சுலபமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் செய்துகொண்டிருந்தபோது, 1951-இல் ஹோண்டா 146 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினைக் கொண்டுவந்தார். வால்வுகள் மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு வகை. 1954-இல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஐரோப்பிய வண்டிகள் அதே சிசியில் அவர் வண்டியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி தருவதைப் பார்த்து அசந்துபோனார். இன்ஜினின் அளவைக் கூட்ட முடியாது, விதி விடாது. அப்போ என்ன வழி? வேகமாகச் சுழல வைக்கணும். வேகமாகச் சுழலணும் என்றால் அந்தக் குறைந்த நேரத்துக்குள் வேண்டிய காற்று உள்ளே போகணும்.

ஒரு கணக்குப் போடுவோம். 6,000 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வால்வு திறக்கும். அதாவது விநாடிக்கு 50 தடவை. 240 டிகிரி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் நேரம் 0.0067 விநாடிதான். கண் சிமிட்டும் நேரத்தைவிட ரொம்பக் குறைவு! 1966-இல் ஹோண்டாவின் 250 சிசி ஆறு சிலிண்டர் ரேஸ் வண்டி 18,000 ஆர்.பி.எம். சுழன்றது. சிலிண்டருக்கு நான்கு வீதம் 24 வால்வுகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 150 தடவை திறந்து மூடியது.

முதன்முதலாக 1959-இல் டி.டி. போட்டியில் இறங்கி 125 சிசி பிரிவில் 6, 7, 8, 11-ஆம் இடங்களைப் பிடித்தார்கள். 1961-இல் 125, 250 இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கு! இடையில் 1958-இல் வந்த சூப்பர் கப் என்ற சின்ன வண்டி உலகத்தையே சுற்றி வந்தது. 2017-க்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன.

பிடிவாதம்

பெரிய மனிதர் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. ஹோண்டாவுக்குக் கோபம் அதிகம். தப்பு செய்த பையன்கள் மேல் கையில் இருந்த கருவியை வீசிவிடுவார். அதைவிடப் பெரிய குறை, காற்றால் குளிரவைக்கும் இன்ஜின் மேல் அவர் வைத்திருந்த பிடிவாதம். தண்ணீரால் குளிரவைத்தாலும் கடைசியில் அந்தத் தண்ணீரைக் காற்றுதானே குளிர்விக்கிறது, அப்போ நேராகக் காற்றையே விடலாமே என்பது அவருடைய வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் காரில் சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக இறங்கவில்லை.

1968 ஜூலை 7 அன்று பிரான்ஸில் ரூவான் பந்தயத்தில் காற்றால் குளிரும் ஃபார்முலா ஒன் கார் களமிறங்கியது. அந்தக் கார் தயாராகவில்லை என்று ஜான் சர்டீஸ் ஓட்ட மறுத்திருந்தார். அதை ஓட்டிய ஜோ ஷ்லெசர் விபத்தில் தீக்கு இரையானார். அடுத்த வருஷம் வந்த ஹோண்டா 1300 காரும் காற்றில் குளிர்வதுதான். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வரப்போகின்றன, இனித் தண்ணீர்தான் வழி என்று இளம் என்ஜினியர்கள் சொன்னார்கள். முதலாளி கேட்கவில்லை. அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். ஃபுஜிசாவா ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறீர்களா, என்ஜினியராக இருக்கப் போகிறீர்களா? ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தலைவராகவே இருப்பதாகச் சொன்னார். அன்றோடு தண்ணீருக்குத் தடை நீங்கியது.

அந்த இளைஞர்கள்தான் 1972-இல் சி.வி.சி.சி. இன்ஜினைக் கொடுத்தார்கள். வழக்கமான இரண்டு வால்வுகளோடு ஒரு குட்டி வால்வு, அதற்கு ஒரு சின்ன அறை. அங்கே பெட்ரோல் செறிவான கலவையில் தீப் பிடித்து, பெரிய அறையில் உள்ள மெலிந்த கலவையை எரிக்கும். அமெரிக்காவின் கடுமையான 1975 புகை விதிகளை முதலில் நிறைவேற்றியது இதுதான். இதை வைத்து அமெரிக்கப் பெரிய கம்பெனிகளை எட்டிப் பிடிக்கலாம் என்று ஹோண்டா மகிழ்ந்தார். அவர் பையன்களோ, கம்பெனிக்காக மட்டும் இல்லை, ஊர் நல்ல காற்றைச் சுவாசிக்கவும்தான் உழைக்கிறோம் என்றார்கள். தன் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 1973 அக்டோபரில் ஹோண்டா, ஃபுஜிசாவா இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். ஹோண்டாவுக்கு 66 வயது. புதிய தலைவர் கவாஷிமாவுக்கு 45.

எப்போது மாற வேண்டும்?

அவர் ஓய்வு பெற்று 16 வருஷம் கழித்து, 1989 ஏப்ரலில், இன்டெக்ரா காரில் வி-டெக் இன்ஜின் வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் இக்குவோ கஜிதானி. ஹோண்டா அதை வரையவில்லை. ஆனால் அவர் 1954-இல் கேட்ட கேள்விக்கு அவர் கம்பெனி சொன்ன பதில் அது. 1.6 லிட்டர் இன்ஜினில் 160 குதிரைசக்தி.

நம்ம பாடத்தில் வருவதுதான். மெதுவாகச் சுழலும்போது வால்வு குறைவாக, கொஞ்ச நேரம் திறந்தால் போதும். நிறையத் திறந்தால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடி, எரிந்த புகை திரும்ப உள்ளே வரும், ஐட்லிங் உதறும். வேகமாகச் சுழலும்போது அதற்கு நேர்மாறு. ஒரே கேம் இரண்டு வேலையையும் சரியாகச் செய்யாது. அதனால் வி-டெக்கில் இரண்டு வால்வுக்கு மூன்று கேம் முகடுகள், மூன்று ராக்கர் ஆர்ம்கள். ஓரத்தில் உள்ள இரண்டும் சிறிய முகட்டில் ஓடும். நடுவில் உள்ளது பெரிய முகட்டில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். குறித்த வேகம் வந்ததும் இ.சி.யூ. சோலனாய்டைத் திறக்கும். இன்ஜின் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளும். மூன்று ஆர்ம்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இனிப் பெரிய முகடு சொன்னபடிதான் எல்லாம்.

அந்தக் குறித்த வேகம் எது? இதுதான் சுவையான இடம். இன்ஜினை டைனமோமீட்டரில் ஏற்றி, சிறிய முகட்டில் மட்டும் முழு த்ராட்டிலில் ஓட்டி டார்க் கோட்டை வரையணும். பிறகு பெரிய முகட்டில் மட்டும் ஓட்டி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மாற வேண்டிய வேகம். அதற்கு முன்பே மாற்றினால் டார்க் பள்ளத்தில் விழும், ஆயில் அழுத்தமும் போதாமல் இருக்கலாம். தாமதமாக மாற்றினால் இன்ஜின் மூச்சுத் திணறி, பிறகு திடீரென்று எகிறும். அந்த எகிறலைச் சக்தி என்று நினைத்து ரசிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது அதற்கு முன் தொலைத்த டார்க்கின் கணக்கு. சரியாக அமைத்த இன்ஜினில் மாற்றம் வயிற்றில் தெரியாது, காதில் மட்டும் கேட்கும். வேகம் தவிர சுமை, வண்டி ஓடும் வேகம், தண்ணீரின் சூடு இவற்றையும் இ.சி.யூ. பார்க்கும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது மாற்றாது. திரும்பி இறங்குவதற்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தை வைப்பார்கள், இல்லாவிட்டால் எல்லையில் நின்று மாறி மாறி அடித்துக்கொள்ளும். ஆயில் லெவல் குறைந்தால் எல்லாம் வீண்!

கடைசி நாட்கள்

ஓய்வுக்குப் பிறகு அவர் ஜப்பானில் உள்ள தன் கம்பெனியின் தொழிற்சாலைகள், விற்பனைக் கடைகள் எல்லாவற்றுக்கும் நேரில் போய்த் தொழிலாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஒன்றரை வருஷத்துக்கும் மேல் ஆனது. ஓரிடத்தில் ஒரு மெக்கானிக் எண்ணெய்க் கையைக் கழுவப் போனபோது, வேண்டாம் என்று தடுத்து, அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். 1989-இல் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். 1991 ஆகஸ்ட் 5 அன்று 84-ஆம் வயதில் காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வேண்டாம், கார் செய்கிறவனால் தெருவில் போக்குவரத்து நெரிசல் வரக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

நம்ம நாட்டிலும் 1984-இல் ஹீரோ ஹோண்டா கம்பெனி தொடங்கி, 1985-இல் வந்த சிடி 100 வண்டியின் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக்தான். நம்மில் எத்தனையோ பேர் முதன்முதலில் கழற்றிப் பார்த்த இன்ஜின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும்.

நண்பர்களே, ஹோண்டா தெரியாத இடத்தில் மாணவராகப் போனார். பிள்ளைகள் தன்னைவிடத் தெரிந்தவர்கள் ஆனதும் வழிவிட்டார். இரண்டும் சரியான நேரத்தில் நடந்தன. நமக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது முதல் நேரம். நடுவில் விட்டுப் போகலாமா என்று நினைக்கிற நண்பன் யாராவது உங்கள் பெஞ்சில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள். பிஸ்டன் ரிங்கில் சிலிக்கான் எதற்கு என்று அவனிடம் கேளுங்கள். தெரியாது என்றால், நாளைக்கு முதல் பீரியட் அவனை வகுப்புக்கு இழுத்து வாருங்கள்!



- மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு